காலை ஷிப்டுக்குத் தெரிந்திருந்தது

என் ஆசை அண்ணா,

பிரஸ் மெஷினில் உன்னைப் பறிகொடுத்த பிறகு உன் கம்பெனியிலேயே எனக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். ஒரகடத்தில் நீ இறங்கிய இடத்தில்தான் நானும் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. இன்று அங்கே கேட்டதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மெஷின்களில் ஆட்கள் கண்டுபிடிக்கிற கோளாறுகளையெல்லாம் எங்கே பதிந்து வைப்பது என்று மீட்டிங். ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே பூட்டி வைக்கலாம், சூப்பர்வைசர்கள் பார்த்தால் போதும் என்றார் மேனேஜர். புதிதாக வந்தவர். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. பேசுவதை ஒரு மூலையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது காலை ஷிப்ட் ஆறுமுகம் எழுந்தார். நீ ஓட்டிய, தகட்டை அழுத்துகிற அந்தப் பிரஸ்ஸை உனக்கு முந்தைய ஷிப்டில் ஓட்டியவர். நீங்கள் இருவரும் ஒருநாளாவது பேசியதுண்டா? அவர் பஸ் கிளம்புகிற நேரத்தில்தானே உன் பஸ் உள்ளே வரும்?

"கதவத் தெறந்தாலும் அந்த மெஷின் நிக்க மாட்டேங்குதுன்னு அன்னிக்குக் காலையிலயே சொன்னேன் சார். கம்ப்யூட்டர்ல ஏத்திக்கினாங்க. அடுத்து வர்றவனுக்கு யாரு சொன்னது? அந்தப் புள்ள செத்துப் பூட்டான்."

அந்தப் புள்ள என்றது உன்னைத்தான், அண்ணா. உன் கவனக்குறைவு என்றுதானே எங்களிடம் சொன்னார்கள்? நாங்களும் நம்பிவிட்டோமே.

மேனேஜர் என் பக்கம் திரும்பி, அதை எழுத வேண்டாம் என்றார்.

"எழுதிட்டேன் சார். செத்துப்போனவரு என் கூடப் பொறந்தவரு" என்றேன்.

ஆறுமுகம் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வந்திருந்த ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். மேனேஜரின் குரல் இறங்கிவிட்டது. ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி தமிழில் கோளாறு எழுத ஒரு போர்டு. ஷிப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் நேரில் பேசிவிட்டுத்தான் கை மாற வேண்டும். அப்படித்தான் முடிவானது. ஒரு போர்டு வைக்க நீ போக வேண்டியிருந்ததா?

வடக்குப்பட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அவன் மேல தப்பு இல்லியா? நான் அவனத் திட்டிக்கினே அழுதேனேடி" என்றாள்.

தொழிற்சாலை ஆய்வாளரிடம் போகப் போகிறேன். சாட்சி சொல்ல ஆறுமுகமும் வருகிறார். வேலை போனாலும் போகட்டும் என்கிறார். உன் பேரில் எழுதி வைத்திருக்கிற அந்தப் பழியை அழிக்காமல் நான் ஓயமாட்டேன், அண்ணா.

உன் கூடப் பிறந்த தங்கச்சி,
கலா