திறக்காமல் படைத்த போத்தல்

என்னை ஒரு வாதத்திலும் வெல்ல விடாத என் அண்ணைக்கு,

உங்கள் போத்தலில் விஸ்கி குறைகிறது. கழுத்துவரை நின்றது, இப்போது தோளுக்குக் கீழே இறங்கிவிட்டது. மூடியின் மெழுகு உடையவில்லை. ஒருவரும் தொடவும் இல்லை.

நீங்கள் போன எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, உங்களுக்குப் பிடித்த ஆட்டுக்கறி, கணவாய்ப் பொரியல், சுருட்டு எல்லாம் படத்துக்கு முன்னால் படைத்தோம். நடுவில் அந்த ஜப்பான் போத்தல். மூடியைத் திறக்கப் போன என் கையை உங்கள் மகன் குகன் பிடித்துவிட்டான்.

“சித்தப்பா, ஓப்பன் பண்ணினா ஒருத்தரும் வாங்க மாட்டினம். சும்மா வையுங்கோ, அப்பா கோவிக்க மாட்டார்.”

மூடிய சட்டியை ஒருவருக்கு முன்னால் வைத்துவிட்டுச் சாப்பிடு என்று சொல்வோமா? போனவருக்கு மட்டும் அது போதுமா? கேட்டேன். எனக்கு இந்தக் காலம் விளங்காதாம். மிச்சம் என்ற ஊரில் நாம் இருவரும் நடத்திய சாராயக் கடையில், போத்தல் லேபல்களை எழுத்துக்கூட்டித்தான் நான் இங்கிலீஷ் படித்தேன். எனக்கா விளங்காது?

ஜப்பானில் மலையடிவாரத்திலிருந்த, விஸ்கி வடிக்கும் அந்தச் சின்ன வடிசாலைக்கு நீங்கள் போய்வந்து சொன்ன கதை நினைவிருக்கிறதா? பனிமூட்டம், ஊற்றுத் தண்ணீர், அவர்கள் நாட்டு ஓக் மரத்தில் செய்த பீப்பா. அந்த மரத்தால் விஸ்கியில் சந்தன வாசம் ஏறும் என்றீர்கள். தலைமுறைகளாக நடத்தியவர்கள், வாங்க ஆளில்லாமல் பூட்டிவிட்டுப் போனார்கள். பூட்டிய பிறகுதான் உலகம் தேடுகிறது. அந்த அடுப்பு இனி எரியாது. இருப்பதுதான் கடைசி.

போத்தலை மேசையில் வைத்து, “ஆர் முந்திப் போறமோ, மற்றவன் திறந்து ஊத்தவேணும்” என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. ஓம் என்றேன்.

இப்போது உங்கள் அறையில் சந்தனம் மணக்கிறது, அண்ணை. போத்தல் இருப்பதோ கீழே, ஹீட்டருக்கு மேலுள்ள அலுமாரியில். குகன்தான் அங்கே வைத்துப் பூட்டினான். சூட்டில் தக்கை காய்ந்து ஆவி போகிறது, வேறொன்றும் இல்லை என்று அண்ணியிடம் சொன்னேன். அவ அறைக் கதவைப் பார்த்தபடியே, “அவர் தாகத்தோட வந்திட்டுப் போறார்” என்றா. நேற்று அந்த அறைக்குள் போக எனக்கும் கால் வரவில்லை. அது நீங்களா?

போத்தலை வாங்குகிற மனிதர் சனிக்கிழமை வருகிறார். உங்கள் முப்பத்தோராம் நாள் படையல் வெள்ளிக்கிழமை. அலுமாரியின் சாவியை அண்ணி என் கையில் வைத்துவிட்டா. குகன் விடாமல் போன் அடிக்கிறான். நான் எடுக்கவில்லை.

டாக்டர் ஒரு சொட்டும் கூடாது என்றிருக்கிறார். என் ஈரல் இனித் தாங்காதாம். உங்களுக்கு ஊற்றி வைத்துவிட்டு நான் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதா? நாம் எப்போதாவது அப்படிக் குடித்திருக்கிறோமா?

வெள்ளிக்கிழமை உங்கள் படத்துக்கு முன்னால் திறப்பேன். குகன் கையைப் பிடித்தாலும் திறப்பேன். இரண்டு கிளாஸ் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். அதற்குள் தனியக் குடித்து முடிச்சிடாதேங்கோ. பொறுங்கோ, அண்ணை. நான் வாறன்.

உங்களுக்குப் பின்னால் பிறந்தும் உங்களுக்கு அடங்காத
தம்பி