மைதிலிக்கு ஒரு விருந்தினர் பக்கம்

ஜூலை 9, ஞாயிறு

விடாத மழை. டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாபிதாவின் (இங்கே அண்ணனுக்கு 'தா') சைபர் கஃபேக்கு.

இணையப் பக்கத்துக்காக நான் எழுதும் நிரல், பெர்ல் ஸ்கிரிப்ட், இன்றும் முரண்டு. 'இன்டர்னல் சர்வர் எரர்'. எங்கே தப்பு என்று சொல்லாது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அப்பா மாதிரி.

பார்த்தவை: முதல் வரியில் பெர்ல் இருக்கும் இடம், சரி. 755 அனுமதி, சரி. கன்டென்ட்-டைப்புக்குப் பின் காலி வரி, அதுவும் சரி.

கல்கத்தா தமிழ்க் குடும்பங்களுக்கான இணையப் பக்கம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை. ஆனால் வருபவர்கள் எழுதிப் போக ஒரு விருந்தினர் பக்கம் வைப்பது மைதிலி அக்காவுக்காக. வங்காளிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அவள் கடிதங்களை அப்பா பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். பிறகு வருவதும் நின்றது. எந்த ஊரில் இருக்கிறாளோ. தெருப்பெயர், அப்பா பெயர் எல்லாம் போட்டாயிற்று. என்றைக்காவது தேடினால் கிடைக்கட்டும்.

ஜூலை 11, செவ்வாய்

ஓடிவிட்டது! விண்டோஸில் அடித்த ஃபைலை பைனரியாக ஏற்றியிருக்கிறேன். ஒவ்வொரு வரிக் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வெறும் எழுத்தாக, ஆஸ்கியில் ஏற்றியதும் சரி. இதற்குப் போய் இத்தனை நாள்! 'டெஸ்ட்' என்று எழுதினேன், வந்தது. பாபிதா லெபு சா, எலுமிச்சை டீ, வாங்கித் தந்தார்.

ஜூலை 14, வெள்ளி

தினமும் ஒரு 'டெஸ்ட்' போட்டுப் பார்க்கிறேன். என் 'டெஸ்ட்' மட்டும்தான். அக்காவின் பச்சைக் குடையை எடுத்துப் போனேன். அம்மா பார்த்தாள். அக்கா, ஒரு வரி எழுதேன்.

ஜூலை 16, ஞாயிறு

தேதியும் காட்டும்படி ஸ்கிரிப்டை மாற்றி ஏற்றினேன். பக்கத்தைப் பார்க்கும் முன்பே, ஓடுகிறதா என்று கையோடு ஒரு 'டெஸ்ட்'. வந்தது. பாபிதா வங்காள மொழியில்: "காலைல யாரோ நீளமா எழுதியிருந்தாங்களே, பாத்தியா? இங்கிலீஷ் எழுத்துல உங்க பாஷை. கீழ மைதிலின்னு பேரு."

பக்கத்தில் என் 'டெஸ்ட்' மட்டும்.

வருபவர்கள் எழுதுவதைச் சேமிக்கும் ஃபைலைத் திறக்கும் வரியில் ஒற்றை > போட்டிருக்கிறேன். இருப்பதை அழித்துவிட்டு எழுதும். >> போட்டால்தான் அடியில் சேரும். எத்தனை 'டெஸ்ட்' போட்டும் ஒன்றுதானே நின்றது, அப்போதே உறைத்திருக்க வேண்டாமா? மண்டு.

பாபிதா பார்த்த கம்ப்யூட்டரில் பார்த்த பக்கத்தின் நகல் தங்கியிருக்குமா என்று தேடினோம். இடமில்லை என்று மதியமே துடைத்திருக்கிறார். பாத்ரூமில் போய் அழுதேன்.

ஜூலை 17, திங்கள்

>> போட்டாயிற்று. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா காதிலும் விழுந்தது. பேப்பரை இறக்காமலே, "என்ன எழுதியிருந்தாளாம்?"

"பாபிதாவுக்குத் தமிழ் தெரியாதுப்பா. அப்பா, அப்பான்னு அங்கங்க வந்துச்சாம். அது மட்டும் புரிஞ்சுதாம்."

பேப்பர் இறங்கவில்லை. பக்கமும் திரும்பவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

ஆபீஸ் போகிற வழியில் அப்பா என்னோடு கஃபேக்கு வந்தார். இங்கிலீஷ் எழுத்தில், ஒற்றை விரலால்: மைதிலி, அப்பா எழுதறேன். அதற்கு மேல் வரவில்லை. பட்டனை அவரே அழுத்தினார்.

"இது நிக்குமா?"

நிற்கும் என்றேன். நம்பவில்லை. கீழே என்னை ஏதாவது எழுதச் சொன்னார். எழுதினேன். இரண்டும் இருந்தன. இன்னொரு தடவை எழுதச் சொன்னார்.