தடி நூடுல்ஸ், மெலிசு நூடுல்ஸ்

தென்காசி,
12.7.1984

அன்பு மகள் அலிமாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று எழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். போன கடிதத்தில் வாந்தி நின்றுவிட்டது என்று ஒரு வரி எழுதிவிட்டு உடனே ஏ.சி. வாங்கின கதைக்குப் போய்விட்டாய், என்ன சாப்பிடுகிறாய், தூக்கம் வருகிறதா, ஒன்றும் இல்லை. ஏ.சி.க்கு நேரே படுக்காதே.

குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்டது, நம் சைனீஸ் ஹோட்டலில் உட்கார இடமில்லை. இங்கே நடந்த ஒன்றை உனக்குக் கவலை வேண்டாமென்று எழுதாமல் இருந்தேன், இப்போது எழுதலாம். மாடி அறையில் பெரியம்மா மாவு தேய்க்க, நீ நடுவில் உட்கார்ந்து நறுக்க, நான் கொடியில் போட்டு ஃபேனில் காயவைக்க என்று இருந்தவரை ஹோட்டல் நூடுல்ஸ் ஒரே அளவாக இருந்தது. நீ கல்யாணமாகிப் போனதும் கத்தியை யார் எடுப்பது என்று வந்தது. பெரியம்மா நறுக்கினால் தாம்புக்கயிறு, நான் நறுக்கினால் தையல் நூல். எங்க வீட்டுக்காரக ரங்கூன்ல சீனாக்காரன்ட்ட படிச்ச வேல, காலேஜ்ல படிச்சவ எனக்குச் சொல்லித் தாராளாக்கும் என்றார்கள். நானும் சும்மா இருந்தேனா, பல்லில்லாதவர்கள் இதை எப்படித் தின்பார்கள் என்று கேட்டுவிட்டேன். பெரியவாப்பாவுக்கு முன்பல் போனது உனக்குத் தெரியுமே. அதோடு பேச்சு நின்றது, ஆளுக்கொரு கொடி, ஆளுக்கொரு டப்பா. சமையல்காரர் பலவேசம் இரண்டையும் ஒரே சட்டியில் போட, ஒன்று கூழாகி ஒன்று வேகாமல், மதுரைக்காரர் ஒருவர் தட்டையே திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணனும் தம்பியும் அவரவர் பெண்டாட்டிக்குப் பரிந்து பேசி, சீசன் முடிந்ததும் ஹோட்டலைப் பிரித்துவிடுவது என்ற வரைக்கும் போயிற்று.

கத்தி பெரியம்மாவிடமே இருக்கட்டும், ஹோட்டலைப் பிரிக்க வேண்டாம் என்று உன் வாப்பாவிடம் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனேன். அடுக்களையில் பார்த்தால் வாப்பா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பெரியம்மாவின் தடி நூடுல்ஸை வளைத்துக் கட்டுகிறார்கள். அரிசி மூட்டைக்குப் பின்னால் பெரியவாப்பா, தட்டில் என் மெலிசு! என்னைப் பார்த்ததும் இருவரும் மென்றதை விழுங்கவும் இல்லை துப்பவும் இல்லை. ஒரு மாசமா இதான் நடக்கு, மொதலாளிமாருக்கு அவுகவுக வீட்டுது எறங்கமாட்டேங்கு என்று பலவேசம் போட்டு உடைத்துவிட்டார். அடுத்த பஸ்ஸில் வந்து நேரே பெரியம்மாவிடம் சொன்னேன். முதலில் முகத்தைத் திருப்பினார்கள், பிறகு, எனக்காக வரிஞ்சு கட்டிட்டு நின்ன மனுசனாட்டீ இது என்று சிரித்தார்கள் பார், மாவுக் கையோடு கண்ணைத் துடைத்து முகமெல்லாம் வெள்ளை. ஏட்டி ஜன்னத்து, ரெண்டையும் போர்டுல எழுதிப் போட்டா என்ன என்று அவர்கள்தான் சொன்னார்கள். இப்போது தடி, மெலிசு என்று இரண்டும் தனித்தனிச் சட்டியில் போகிறது, பிரிக்கிற பேச்சையே காணோம்.

ஏழாம் மாசம் பிறந்ததும் இங்கே வந்துவிடு, நடு இடம் உனக்குத்தான், ஆனால் கத்தியைத் தரமாட்டோம். அல்லாஹ் உனக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும். வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்குப் புறப்படும் பக்கத்து வீட்டு ஒலி முகம்மதுவிடம் இரண்டு டப்பா கொடுத்து விடுகிறோம், பெரியம்மாவுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. கிடைத்ததும் பெரியம்மாவுக்கும் தனியாக ஒரு கடிதம் போடு. எந்த டப்பா முதலில் காலியானது என்று மட்டும் எங்கள் இருவருக்குமே எழுதிவிடாதே.

உன் உம்மா,
ஜன்னத்