பேர் போடாத கண்ணாடி

அக்கா,

உறையைப் பிரித்ததும் படம் கழுவும் மருந்தின் புளித்த வாடை தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பரா முழுக்கப் பரவியது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். லீவில் வந்தவன் இந்தப் படத்தை ஏன்தான் கொண்டுவந்தேனோ!

நான் வேலை பார்க்கும் வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்தது. மண்புழு ரத்தத்தில் மூச்சுக்காற்றைச் சுமக்கும் புரதம். ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியாக, ஆறு மூலை வளையமாகத் தெரியும். ஒன்றைக்கூட விடாமல் நம்பர் போடுவது என் வேலை. உன் உடம்பில் வற்றிப்போனதும் இதே இனம்தான்.

எழுபதுகளில், மாவுக்கு வரிசையில் நின்ற வருஷம். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் எனக்கு எழுத்து வேலை. நீ மூச்சிரைக்க வந்தாய், இமைக்குள்ளே துளி சிவப்பில்லை. மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் உன் விரலில் குத்தி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவினார். "அக்காவுக்குப் பேர் போட்டுடுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

லயத்தில் பிறந்தவனுக்குப் பேர் என்றால் கணக்கில் விழும் ஒரு நாள் வேலை, அதற்கான கூலி. வேலைக்குப் போகலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். மூன்று நாளாய்ப் பேர் விழாமல் கிடந்தவள், "அடி ஆத்தி, என் தம்பி பேரு போட்டுட்டான்!" என்று சிரித்தாய். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. சாயங்காலம், இனி வேண்டாம் என்று அந்தக் கண்ணாடியைக் குழாயடியில் கழுவினேன். சீட்டியடித்துக்கொண்டே கழுவினேன், அக்கா.

அந்தச் சீட்டோடு ஒரு வாரம் மலையேறினாய். எட்டாம் நாள் கொழுந்துக் கூடையோடு சரிந்தாய், எழுந்திருக்கவே இல்லை.

"கண்ணாடி எங்கடா? ஆஸ்பத்திரிக்கு அனுப்பல?" என்றார் டிஸ்பென்சர். சீட்டு எழுதியதையும் கண்ணாடியைக் கழுவியதையும் சொன்னேன். "பேர் போடுன்னா கண்ணாடியிலடா, மடையா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "வெளிய மூச்சு விடாத. ரெண்டு பேருக்கும் வேலை போயிரும்." நான் விடவில்லை.

இப்போது அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடா இது, கோலமா?"

"புழுவோட ரத்தம்மா."

"புழுவுக்கெல்லாமா படம் புடிக்கிறாங்க!"

சிரித்தவள், வழக்கம்போலப் பேச்சில் உன்னிடம் வந்து நின்றாள். "பத்து மணிக்கே விழுந்துட்டாள்னு கணக்கப்புள்ள அன்னிக்கு அரைப் பேரு போட்டான்டா. எம் புள்ளைக்குப் பேரு போட்ட கை அழுகிப் போகணும்."

சாப்பிடக் கூப்பிட்டாள். அதே கையால் சாப்பிட்டுவிட்டு, அதே கையால் இதை எழுதுகிறேன்.