சிவப்புக் கவுனும் கிரேவித் தூளும்

மே 9
குளிர்காலம் முழுக்கக் கையாலேயே தைத்த சிவப்புக் கம்பளிக் கவுனோடு இன்று கோட்டைக்குள் நுழைந்தேன். மஞ்சிட்டி வேரில் நானே காய்ச்சிய சாயம். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்த் துணி வியாபாரியின் மனைவி இப்படித்தான் உடுத்தியிருப்பாள். பார்க்க வருகிறவர்களுக்கு அதைக் காட்டிப் பேசுவதுதான் என் வேலை. முதலில் வந்தவர் கேட்டார்: "கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் இருக்கேம்மா?" அவர் மனைவி, "நிஜம் மாதிரியே இல்லையே" என்றாள்.

மே 17
கூட்டமெல்லாம் என்னைப் போலவே வேஷம் கட்டும் கிளைவ் பக்கம். அவன் மாட்டியிருப்பது உருளைக்கிழங்குச் சாக்கு, முகமெல்லாம் சேறு. "இதுதான் அசல்!" என்று ஆளாளுக்குப் படம் எடுக்கிறார்கள். அசலாம், அசல்! அந்தக் காலத்தில் ஆற்றில் தண்ணீரே ஓடவில்லையா?

மே 24
மேலாளர் டெஸ்மண்ட் கூப்பிட்டார். "பெரில், சீசன் முடிஞ்சா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் நிரந்தர வேலை. ஜனங்க உன்னை நம்ப மாட்டேங்கறாங்க. கொஞ்சம் அழுக்கா வாயேன்."

"அவங்க துவைப்பாங்க, டெஸ்மண்ட்! குளிப்பாங்க! கலர்னா உசுர விடுவாங்க!"

"எனக்குத் தெரியும்மா. டிக்கெட் வாங்குறவனுக்குத் தெரியலையே."

வீட்டுக்கு வந்து அழுதேன். இது போனால் பழையபடி சூப்பர்மார்க்கெட் கல்லாதான். ஐயோ, வேண்டாம்.

ஜூன் 2
மானம் போனால் போகிறது. நானும் சாக்கு மாட்டினேன். சேறு பட்டால் எனக்கு அரிக்கும். அதனால் சமையலறையிலிருந்த, கறிக் குழம்புக்குக் கரைக்கும் பழுப்புக் கிரேவித் தூளைக் குழைத்துக் கை, கால், முகம் எல்லாம் பூசிக்கொண்டேன். யாரோ கூட்டிவந்த நாய் பாய்ந்து வந்து என் காலை நக்கு நக்கென்று நக்கியது. அதன் சொந்தக்காரர் மகளிடம் சொன்னார்: "பாத்தியா, அந்தக் காலத்துல நாய்தான் குளிப்பாட்டும்." சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள்!

திருத்த வாயைத் திறந்தேன். பின்னால் டெஸ்மண்ட், வாயெல்லாம் பல். மூடிக்கொண்டேன்.

ஜூன் 4
வாசல் பலகையில் எழுதிவிட்டார்: 'நாய்க் குளியல் — தினமும் மதியம்.'

ஆகஸ்ட் 30
வேலை எனக்குத்தான். கிளைவ் கை கொடுத்தான். "குழம்பு வாசனை ஊரையே தூக்குது" என்றான், பாவம்.

ஏப்ரல் 12
புதிதாகச் சேர்ந்திருக்கிறார் மார்ட்டிமர், ஓய்வுபெற்ற தபால்காரர். பச்சை அங்கி, மஞ்சள் காலுறை. எல்லாம் கைத்தையல், சாயமும் அவரே போட்டது. அங்கியை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு தையல்கூடப் பிசகவில்லை. அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தேன்.

"எப்படி, பெரில்?" என்றார் டெஸ்மண்ட்.

"அழகாத்தான் இருக்கு" என்றேன். "ஆனா... நிஜம் மாதிரி இல்லையே."

கிரேவித் தூள் டப்பாவை மார்ட்டிமரிடம் நீட்டினேன்.