ஆறாவது வரியில் அக்கா

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கு ஒரே லிஃப்டைப் பழுது பார்க்க இரண்டு முறை போனேன். நான்காவது மாடியில் கதவு மூடவில்லை என்று புகார். போய்ப் பார்த்தால், கதவு ஓடும் பள்ளத்தில் தீக்குச்சி. எடுத்துப் போட்டுவிட்டு வந்தால் மறுபடி போன். இந்த முறை பாட்டில் மூடி. "இது லிஃப்டா, குப்பைத்தொட்டியா?" என்று காவலாளியிடம் கேட்டேன். "ரெண்டும்தான் சார்" என்கிறார். அந்த ஆள் மேல் கோபப்படவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் இங்கே இன்னொரு கூத்து. ஏப்ரலில் பத்து நாள் வெளிநாடு. எங்கள் வீட்டில் யாருக்கும் விமானம் பழக்கமில்லை, ஆனால் ஆளாளுக்கு விமானியை விட அதிகம் தெரிந்திருக்கிறது. அண்ணன் சோபாவில் சாய்ந்துகொண்டு கட்டளை போடுகிறான். ஜன்னல் சீட் தனக்குத்தான் என்று அப்பா இப்போதே துண்டு போட்டு வைத்துவிட்டார். அம்மாவுக்குக் குக்கரைக் கொண்டுபோக வேண்டுமாம்.

"அங்கயும் குக்கர் இருக்கும்மா."

"நம்ம குக்கர் இருக்குமா?"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஐந்து பேர், ஐந்து விதமான பைத்தியம். இதை வைத்துக்கொண்டு நான் எப்படி ஊர் போய்ச் சேர்வது? அக்கா எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 7, சனி

விசாவுக்குப் போட்டோ எடுக்கப் போனோம். அப்பா வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். "சுவரும் வெள்ளை, சட்டையும் வெள்ளைன்னா தலை மட்டும்தான் சார் தெரியும்" என்றார் போட்டோக்காரர். உடனே அக்கா தன் பையிலிருந்து அப்பாவின் நீலச் சட்டையை எடுத்து நீட்டினாள். தேய்த்து மடித்தது. விதிமுறையை அவள் மட்டும்தான் படித்திருக்கிறாள்.

என் முறை வந்தது. காது தெரிகிறதா என்று முகவாயைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அடுத்து மேடம் ரெடியாகுங்க" என்றார்.

"நான் இல்லைங்க. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்."

அக்கா சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே அந்த வெள்ளைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. போட்டோவில் நான் முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

இன்றைக்குப் பெரிய சண்டை. நான்தான் ஆரம்பித்தேன்.

"அக்காவை ஏன் விட்டுட்டுப் போறோம்?"

"பெரியவரை யார் பார்த்துக்கறது?" என்றாள் அம்மா.

பெரியவர் என்பது எங்கள் நாய். பதினான்கு வயது, இரண்டு கண்ணும் போய்விட்டது, இரண்டு வேளை மாத்திரை. இந்த வயதில் எந்தக் காப்பகத்திலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அக்கா கையால் கொடுத்தால்தான் சாப்பிடும். எல்லாம் சரி. அவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன்.

"அவ ஒண்ணும் சொல்லலையே" என்றார் அப்பா, பேப்பரை மடிக்காமலே.

கத்திவிட்டேன். அவள் என்ன பூட்டா, சாவியா? பல் டாக்டரிடம் எட்டு மணி நேரம் ரிசப்ஷனில் உட்கார்ந்து ஊரான் பல்வலியெல்லாம் கேட்டுவிட்டு வந்து இங்கேயும் நமக்கு உழைக்கிறாளே, கொஞ்சமாவது மனசாட்சி இருக்கிறதா — இப்படி என்னென்னவோ. அண்ணன் அசையவில்லை. நான் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தான்.

"முடிச்சிட்டியா? லிஸ்ட் போட்டது யாரு?"

"யாரு?"

"நீதான். குதிச்சது போதும், போய்ப் பாரு."

பார்த்தேன். டிசம்பரில் நான் போட்ட எக்செல் ஷீட். பெயர், வயது, பாஸ்போர்ட், சீட். ஐந்து வரிகள் நிறைந்திருக்கின்றன. ஆறாவது வரியில், அக்கா: வீடு, நாய், மோட்டார். பாஸ்போர்ட் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.

நான் போட்ட கோடு. யாரும் சொல்லிப் போடவில்லை. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

மார்ச் 9, திங்கள்

யாரைப் பார்த்தாலும் எரிச்சல். கண்ணாடியைப் பார்த்தாலும்தான்.

மார்ச் 10, செவ்வாய்

அக்கா பின்வாசலில் உட்கார்ந்து பெரியவருக்கு ரொட்டிக்குள் மாத்திரை வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"ஏன் சொல்லல?"

"என்னன்னு?"

"நானும் வரேன்னு."

"யாராவது கேட்டீங்களாடா?"

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"உன் லிஸ்ட்டை நீ அனுப்பினப்பவே பார்த்தேன். கோடு நேரா, அழகா இருந்துச்சு. கெடுக்க மனசு வரலை."

தப்பு செய்தவனும் நான், கோபப்படுகிறவனும் நான். என்ன நியாயம் இது?

"உன்கிட்ட பாஸ்போர்ட் இல்லைன்னு நினைச்சுட்டேன்" என்றேன். கேவலமான சமாதானம். அவள் எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட். எல்லாப் பக்கமும் வெள்ளை. வருகிற ஜனவரியோடு முடிகிறது.

அப்போது வெளிநாட்டில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்ததாம். அதே மாதம்தான் அம்மாவுக்கு முதுகு ஆபரேஷன். நான் டிப்ளமோ முதல் வருஷம். அக்காவுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்று வீட்டில் சொன்னார்கள், நானும் நம்பினேன். இல்லை, நம்பினேனா? வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

"போட்டோல சின்னப் பொண்ணா இருக்க."

"அப்போ எனக்கு உன் வயசு."

மார்ச் 12, வியாழன்

நாளைக்குள் டிராவல்ஸ்காரருக்குப் பெயர்களைக் கொடுக்க வேண்டும். சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்: நான் வரவில்லை, என் இடத்தில் அக்கா, நாயை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டாள். "ஐயோ பாவம், ஆசையா இருந்தானே." அண்ணி, "பாவம்ங்க, லீவு எல்லாம் வாங்கிட்டாரு." அப்பாகூட, "பாவம்டா நீ."

எண்ணிப் பார்த்தேன். அக்கா மூன்று மாதமாக லிஸ்டில் இல்லை, ஒரு பாவம் விழவில்லை. நான் மூன்று நிமிஷம் இல்லை, மூன்று பாவம்.

அண்ணன் தோளில் தட்டி, "பெரிய தியாகி ஆயிட்டடா" என்றான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். மாற்றி மாட்டிய வயரைக் கழற்றிச் சரியாக மாட்டினால் அதற்குப் பெயர் ரிப்பேர். மாட்டியவனே கழற்றினால் அதைக்கூட வெளியில் சொல்லக் கூடாது.

கடைசியில் அக்காவும், "வேணாம்டா, நீயே போயிட்டு வா" என்றாளே, அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. "நீயாவது பேசாம இரு அக்கா" என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகம்தான். பெரியவர் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார்.

மார்ச் 13, வெள்ளி

பெயர்கள் போய்விட்டன. அக்காவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனேன். "வாங்க மேடம், இன்னைக்காவது உட்காருங்க" என்றார் போட்டோக்காரர். சிரிக்கக் கூடாது என்று நாலு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஏப்ரல் 18, சனி

நாளை காலை விமானம். பெட்டியைக் குளியலறைத் தராசில் வைத்தால் இருபத்தைந்தரை கிலோ. இருபத்து மூன்றுதான் அனுமதி. குக்கரை எடு என்றேன். அம்மா அப்பாவின் சட்டைகளை எடுத்தாள்.

ஜன்னல் சீட்டை டிராவல்ஸ்காரரிடம் பேசி அக்கா பெயருக்கு மாற்றியாயிற்று. "பெரியவர் கேட்டா என்ன சொல்ல?" என்றார் அவர், அப்பாவைத்தான். கம்ப்யூட்டர் கொடுத்தது என்று சொல்லச் சொன்னேன்.

அக்கா நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நாற்பத்து மூன்று குறிப்புகள். மோட்டார் ஆறு மணிக்கு, சத்தம் கரகரத்தால் உடனே அணை. குளியலறைக் குழாயை இடப்பக்கம் அழுத்தி மூடு. மாத்திரை ரொட்டிக்குள், ஆனால் முதலில் உன் கையை மோந்துபார்க்க விடு, அவசரப்படாதே. வாரம் ஒருமுறை செய்வது, மாதம் ஒருமுறை செய்வது எனத் தனித்தனியாக. என் கம்பெனியில்கூட இவ்வளவு ஒழுங்காகப் பராமரிப்புத் தாள் கிடையாது. மோட்டார் கரகரப்பது எனக்குத் தெரியவே தெரியாது. நான் மெக்கானிக். வெட்கக்கேடு.

ஏப்ரல் 19, ஞாயிறு

போய்விட்டார்கள். பெரியவர் வாசலை மோந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார். என் கையிலிருந்து எதையும் தொடமாட்டாராம்.

ஏப்ரல் 20, திங்கள்

ஐந்து மாத்திரைகள் ரொட்டியோடு வீண். ஒரு கடி, எனக்கு. குறிப்பு பதினொன்று வரைதான் முடிந்தது, அதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது, லீவைத்தான் திருப்பிக் கொடுத்துவிட்டேனே. இதையெல்லாம் முடித்துவிட்டு அவள் எப்படி எட்டரைக்குக் கிளம்புவாள்?

ஏப்ரல் 22, புதன்

அம்மா தினமும் கூப்பிடுகிறாள். நீ சாப்பிட்டியா, நாய் சாப்பிட்டுச்சா, மோட்டார் போட்டியா. அக்காவிடமிருந்து மட்டும் போன் இல்லை, ஒரு மெசேஜ்கூட இல்லை. நாற்பத்து மூன்று குறிப்பு எழுதியவள், ஒன்றாவது ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்க மாட்டாளா? இன்றைக்குப் பொறுக்காமல் அம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

"அவ எங்க?"

"யாருக்குத் தெரியும்? காலையிலயே தனியா கிளம்பிட்டா. எங்க போறேன்னுகூட சொல்லலை. இங்க உங்கப்பா கண்ணாடியைக் காணோம்னு குதிக்கிறாரு, எங்க வச்சான்னு அவளுக்குத்தானே தெரியும். போன் போட்டா எடுக்க மாட்டேங்கறா."

"நீங்களே தேடுங்க" என்று வைத்துவிட்டேன்.

பிறகு பின்வாசலில் உட்கார்ந்தேன். ரொட்டியைப் பிய்த்து மாத்திரையை உள்ளே வைத்துக் கையை நீட்டினேன். பெரியவர் வெகுநேரம் மோந்துபார்த்தார். நான் அவசரப்படவில்லை.