அப்பாவின் சீன அலமாரி

பிப்ரவரி 11, செவ்வாய்

அப்பாவுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நடைப்பயிற்சி முடியும்வரை மருத்துவமனையில்தான் இருக்க வேண்டுமாம். நர்ஸிடம், "இது சூப்பா? எங்க வெனிஸ் கால்வாய்த் தண்ணியே இதைவிட ருசியா இருக்கும்மா" என்றிருக்கிறார். பிழைத்துக்கொண்டார்.

அவர் வருவதற்குள் அந்தச் சீன அலமாரியைச் சுத்தம் செய்துவிட வேண்டும். ஊரார் வீட்டுப் பழஞ்சாமானுக்கெல்லாம் உயிர் கொடுப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் வீட்டில் மட்டும் அது அடுப்புப் புகை படிந்ததுபோல நிற்கிறது. அப்பா பார்த்ததும் அசந்து போக வேண்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

சீன அலமாரி என்று பெயர்தான். சீனாவைக் கண்ணாலேயே பார்க்காத எவனோ ஒரு வெனிஸ்காரன் அந்தக் காலத்தில் தீட்டியது. குடை பிடித்த சீனப் பிரபுவுக்கு அசல் ரியால்ட்டோ சந்தை மீன்காரன் மூக்கு! அதன் மேல் அம்மா, இருந்தவரை, ஈஸ்டருக்கு ஈஸ்டர் வார்னிஷ் பூசுவாள், பளபளக்கட்டும் என்று. பூசிப் பூசி எல்லாம் பழுப்பாகிவிட்டது. இன்று ஒரு மூலையில், வார்னிஷைக் கரைக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சால் ஒற்றினேன். அடியில் வான நீலம்! கத்தியே விட்டேன்.

பிப்ரவரி 21

வெளியே திருவிழாக் கூட்டம், மேளம். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. நீலம், நீலம்.

பிப்ரவரி 26, புதன்

முடிந்தது. பக்கத்து வீட்டு இனேஸ் வந்து பார்த்தாள்.

"அம்மாடியோ, சீனாக்காரனுக்கு மூஞ்சி கழுவி விட்டுட்டியே! அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டா அப்புறம் என்ன சுவாரஸ்யம்?" என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

அப்பா வந்தார். ஊன்றுகோலோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நம்ம அலமாரி எங்கே?"

"இதுதாம்ப்பா. நல்லாப் பாருங்க."

கிட்டே போய் வலது கதவின் ஓரத்தைத் தடவினார்.

"உங்கம்மா நோர்மாவோட கட்டைவிரல் ரேகை இங்க இருந்துச்சே. காயறதுக்குள்ள தொட்டுட்டு, அந்த ஈஸ்டர் பூரா புலம்பினாளே."

இருந்தது. நானும் பார்த்தேன். ரேகை என்று தெரியும். யாருடையது என்று யோசித்தேனா? ஐயோ, வேற யாரு கை அதுல பட்டிருக்கும்! என்ன பண்ணித் தொலைச்சேன் நான் — துடைத்த பஞ்செல்லாம் குப்பைப் படகில் போய்விட்டது.

மார்ச் 5

அப்பா நாற்காலியை அலமாரிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மார்ச் 9, ஞாயிறு

நாலு வார்த்தை திட்டினால்கூடப் பரவாயில்லை. "காப்பி போதும்", "ஜன்னலைச் சாத்து" என்பதோடு சரி. அரக்கைக் கரைத்து அதே பழுப்பைக் கொண்டுவர முடியுமா என்று பார்த்தேன். நிறம் வருகிறது. ஆனால் அது அம்மா பூசியதாகிவிடுமா? கொட்டிவிட்டேன்.

மார்ச் 15, சனி

கடைக்குப் போய்த் திரும்பியபோது, அப்பா அலமாரிக்குப் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அங்கே தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம் இன்னும் பழுப்பாகவே இருக்கிறது. அதன்மேல் விரலை வைத்திருந்தார்.

"இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

அவராகப் பேசியதில் எனக்கு உயிர் வந்தது.

"எங்க தொழில் வழக்கம்ப்பா. முன்னால எப்படி இருந்துச்சுன்னு தெரியறதுக்காக ஒரு துண்டை மட்டும் தொடாம விட்டுடுவோம்."

தலையாட்டினார். குரலில் கோபமே இல்லை.

"வீட்டுக்காரங்களை ஒரு வார்த்தை கேட்கற வழக்கம் உங்க தொழில்ல கிடையாதாம்மா?"

வெங்காயம் கருகுகிறது என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். அடுப்பையே பற்றவைத்திருக்கவில்லை.